தம்பிக்கு வைத்த ஏ.சி.

2024 மே மாதம் முதல் வாரத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் செர்லாயிப் பகுதிக்குப் பின்புறச் சந்தில் உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் ஏ.சி. பொருத்தப்பட்டது. அந்த வரிசையில் அதற்கு முன் எந்த வீட்டிலும் ஏ.சி. இருந்ததில்லை.

வீட்டில் சங்கரலிங்கம் குடியிருந்தார். ஒரு முன்னறை, ஒரு அடுக்களை. குளியலறை வரிசைக்கே பொது. ஏ.சி.யும் புதியதல்ல. அவர் மனைவி செல்வலட்சுமி படுக்கை விரித்துக் குளியலறை கழுவும் ஹோட்டலில், பழைய ஜன்னல் ஏ.சி.களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டினார்கள். கழற்றியதில் ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தாள். ஜன்னல் சட்டத்தை அறுக்க வீட்டுக்காரச் சேட்டிடம் சங்கரலிங்கம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார்.

முதல் நாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் பெட்டி உறுமியது. முன்னறை கொஞ்சம் குளிர்ந்தது. அதற்குள் பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸியை ஓட்ட, வரிசை முழுக்க ஃபியூஸ் போய்விட்டது. ஆளாளுக்கு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். சங்கரலிங்கத்துக்கு அதிலும் ஒரு பெருமை. தம்பி குடும்பம் வரும் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டார். முனைச் சாயாக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும், "அண்ணாச்சி வீட்டுல ஏசியோ? எந்நால் ஞங்களும் அங்கோட்டு வந்து கிடக்கட்டே?" என்று, நாங்களும் அங்கே வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்ற பொருளில், மலையாளத்தில் கேலி செய்தார். சங்கரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்ததில் மூச்சு வாங்கி, கடை பெஞ்சில் சற்று உட்கார வேண்டியதாயிற்று.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பரோட்டா மாஸ்டராகக் கொச்சிக்கு வந்தவர் அவர். வாழ்நாளில் பாதியைக் கல்லின் முன் நின்றே கழித்தார். இப்போது இதயம் பாதி வேலைதான் செய்கிறது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இறந்தபோது தம்பி ரமேஷ்பாபு சிறு பையன். அவனைக் கையோடு இங்கே கூட்டி வந்தார். புதுப்பெண்ணாக வந்த செல்வலட்சுமிதான் அவனைக் குளிப்பாட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இதே முன்னறையில் படித்துத்தான் அவன் இன்ஜினியர் ஆனான். வேலை கோயம்புத்தூரில் கிடைத்தது. கல்யாணமும் அங்கேயே, சுப்ரியா என்ற பெண்ணோடு நடந்தது. அதன் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான். ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஏதாவது ஒரு ரயில் அவனுக்காக எப்போதும் காத்திருந்தது.

இந்த மே மாதம் குடும்பத்தோடு கொச்சி சுற்றிப் பார்க்க வருவதாக அவனே போனில் சொன்னான். சங்கரலிங்கத்துக்கு வேறொன்றும் கேட்கவில்லை. தம்பி தன் கூரையின் கீழ் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கூடப்பிறந்தவன் குடியிருக்கும் ஊருக்குப் போய் ரூம் போட்டுத் தங்கினால், "ஏன், அண்ணன் செத்துட்டானா?" என்றுதான் கேட்பார்கள்.

ரமேஷ்பாபு ரூம் போட்டிருந்தான்.

அதை அவன் அண்ணனிடம் சொல்லவில்லை. செல்வலட்சுமி வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அவளை அழைத்தான். அழுக்கு விரிப்புகள் குவிந்து கிடக்கும் அறையில் நின்றுகொண்டு அவள் பேசினாள்.

"மதினி, சுப்ரியாவுக்குப் பொதுக் குளியலறை சரிப்படாது. பாப்பாவும் பழகல. அண்ணன்கிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

"உங்க அண்ணன் ஏ.சி. மாட்டியிருக்காக, ரமேசு."

"அவரை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்றான். குரலில் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் அண்ணன் மேல் இல்லை என்பது அவனை வளர்த்தவளுக்குத் தெரிந்தது.

முதலில் போட்ட ரூம் மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது. செல்வலட்சுமி மனதைத் தேற்றிக்கொண்டாள். படுப்பது அங்கே என்றாலும் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். இரண்டு நாளில் அது மாறியது. அங்கே தங்கியவர்கள் இணையத்தில் எழுதியதைச் சுப்ரியா படித்தாளாம். வாய்க்கால் நாற்றம் என்றிருந்ததாம். அடுத்தது வெலிங்டன் தீவில். அங்கே நீச்சல்குளம் இல்லை என்று அவர்கள் மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அதையும் ரத்து செய்தார்கள். ஒவ்வொரு முறையும் படங்கள் செல்வலட்சுமியின் போனுக்கு வந்தன. அவள் மகள் சங்கரிதான் அவற்றை விரித்துக் காட்டுவாள், எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வாள். ஒவ்வொரு ஹோட்டலும் செர்லாயியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

கடைசியில் சுப்ரியாவே அழைத்தாள். மரியாதையான பெண். அக்கா, நீங்கள் அந்த வேலையில் இருப்பவர், எறணாகுளத்தில் சுத்தமான இடம் எது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டாள். கேள்வியில் எந்தக் குத்தலும் இல்லை. செல்வலட்சுமி யோசித்துப் பார்த்தாள். ஊர்க்காரி மாயம்மாள் தேவராவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் இருந்தாள். அவளிடம் விசாரித்து, தண்ணீர் நன்றாக வரும், விரிப்பைத் தினமும் மாற்றுவார்கள், குளம் உண்டு என்று சொல்லி அந்தப் பெயரைக் கொடுத்தாள். அன்றே அந்த ஹோட்டலைப் பதிவு செய்துவிட்டார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை. சங்கரலிங்கம் ஸ்டூலில் ஏறிப் புதுத் திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு விரிப்பை நீயே வந்து விரி, உங்கள் ஹோட்டலில் மாதிரி மூலை மடிப்பு வைத்து விரி என்று கூப்பிட்டார். செல்வலட்சுமி அடுக்களை வாசலில் நின்றாள். இதற்கு மேல் தள்ளிப்போட நாள் இல்லை.

"இந்தாங்க, கொஞ்சம் கீழ இறங்குங்க. அவங்க தேவராவுல ரூம் போட்டிருக்காங்க."

அவர் இறங்கினார். "யாரு சொன்னா?"

"நான்தான் போடச் சொன்னேன்."

சங்கரி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது.

"நானும் வேலைக்குப் போயிட்டு வந்து, உங்களையும் பார்த்துக்கிட்டு, அத்தனை பேருக்கும் என்னால ஆக்கிப்போட முடியல. அதான் ரூம் போட்டுக்கன்னுட்டேன்."

மாட்டாமல் விட்ட பாதித் திரைச்சீலை அவர் கையிலிருந்து தொங்கியது.

"அவனைத் தாயில்லாப் பிள்ளைன்னு உன் மடியிலதானே போட்டேன், லட்சுமி. நீயா அவனை வாசலோட அனுப்புத?"

அன்று அவள் கொண்டுவந்து வைத்த டீயை அவர் தொடவில்லை. சங்கரி வேறு போட்டுக் கொடுத்தாள், குடித்தார். அதன் பிறகு மனைவியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் வழியாகச் சொன்னார்.

சங்கரிக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு செய்தியையும் அவள் படித்திருக்கிறாள். பொதுக்குழாயடியில் அம்மாவை மடக்கினாள். "எந்தினா அம்மா, எதுக்கு இந்தப் பழி உனக்கு? சித்தப்பா அனுப்புன மெசேஜ் எல்லாம் எங்கிட்ட இருக்கு. நான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுறேன்."

"காட்டுனா?"

"உம்மேல தப்பில்லன்னு தெரியும்."

"தெரிஞ்சு?" செல்வலட்சுமி குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். "பொண்டாட்டி பொல்லாதவன்னா அவரு தாங்கிடுவாரு. உலகத்துல பாதிப் பேரு அப்படித்தான் நினைச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டுதாங்க. தம்பிக்கு நம்ம வீடு கேவலமாப் போச்சுன்னு தெரிஞ்சா அந்த நெஞ்சு தாங்காது. நீ வாயத் திறந்தா என்னை உயிரோட பார்க்கமாட்ட."

சங்கரி அழுதுகொண்டே குடத்தைத் தூக்கினாள்.

வந்தவர்கள் முதல் நாள் கும்பளங்கிக்குப் போய்ப் படகு ஏறினார்கள். மறுநாள் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்கள். சங்கரலிங்கம் விடிந்ததிலிருந்து அடுப்படியில் இருந்தார். தடுத்த மகளிடம், தம்பிக்கு என் கை பரோட்டா பிடிக்கும் என்று உங்கம்மாவுக்கே தெரியும், வேண்டுமானால் அவளைக் கேள் என்றார். அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

ரமேஷ்பாபு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். விரிப்பின் மூலை மடிப்பைக் கையால் தடவிப் பார்த்தான். சுப்ரியா கேட்காமலே வந்து தட்டுகளைக் கழுவி வைத்தாள். அவர்கள் மகளை ஏ.சி.க்கு நேர் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார் சங்கரலிங்கம். வரிசையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தும், சாப்பாடு பாதியில் இருக்கும்போது ஃபியூஸ் போயிற்று. ஜன்னல்கள் அட்டை வைத்து அடைக்கப்பட்டிருந்ததால் சிறிது நேரத்தில் அறை புழுங்கியது. ஹோட்டலுக்கு எப்போது போகலாம் என்று குழந்தை கேட்டது. ரமேஷ்பாபு அதன் தொடையில் லேசாகத் தட்டினான்.

சங்கரலிங்கம் ஒரு தினசரியை மடித்துத் தம்பிக்கு விசிறத் தொடங்கினார்.

"உங்க மதினி செஞ்சதை மனசுல வச்சுக்காத. எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பனா? நான் இருக்கிறவரைக்கும் இது உன் வீடு."

ரமேஷ்பாபு தலையை நிமிர்த்தி மதினியைப் பார்த்தான். அவள் குழம்புச் சட்டியோடு நின்றிருந்தாள். பழியை அவள் தன் மேல் போட்டுக்கொண்டது அவனுக்கு விளங்கிவிட்டது, அவனுக்கு விளங்கியது அவளுக்கும் தெரிந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்து பரோட்டாவைப் பிய்த்தான்.

சுப்ரியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

"ரூம் போட்டுக்கிடச் சொன்னாளேம்மா உங்கக்கா."

"ஐயோ, அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், அவங்கதான் அலைஞ்சு விசாரிச்சு அந்த ஹோட்டலையே எங்களுக்குப் பார்த்துக் குடுத்தாங்க. அவங்க இல்லாட்டி எங்களுக்கு அந்த இடமே தெரியாதுங்க."

நன்றியோடுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் செல்வலட்சுமியைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

விசிறிய கை நின்றது. அதுவரை அவருக்குள் எங்கோ ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள், அப்படிச் செய்திருக்கமாட்டாள் என்று. இப்போது அதுவும் இல்லை. மனைவி பக்கம் அவர் திரும்பவே இல்லை. "ஹோட்டலும் பார்த்துக் குடுத்தியாக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

செல்வலட்சுமி சட்டியை அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்தாள். சங்கரி அங்கே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

கிளம்பும்போது ரமேஷ்பாபு சந்து முனை வரை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அடுத்த தடவை வீட்டில்தான் தங்குவேன் என்றான். ஆட்டோ வந்ததும், மறந்துவிட்ட குடையை எடுத்து வருகிறேன் என்று தனியாக வீட்டுக்குத் திரும்பினான். குடை கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நின்றான்.

"மதினி... எனக்கு வாய் வரல."

"வராது. போயிட்டு வா. பாப்பாவுக்கு வேர்க்குது."

அவன் குடையோடு சந்தில் இறங்கி நடந்தான்.

அடுத்த தடவை தம்பி வீட்டில்தான் தங்குவான் என்று சங்கரலிங்கம் சாயாக்கடையில் சொன்னார், வரிசையில் சொன்னார், சேட்டிடமும் சொன்னார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. மே போய் மழை பிடித்தது. கால் வீங்கத் தொடங்கியது. அவரைக் குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் செல்வலட்சுமிதான். கையை நீட்டுவார், வாயைத் திறப்பார், பேசமாட்டார். ஆஸ்பத்திரி வரிசையில் அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் பேசவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒரு முறை போன் வரும். அண்ணனும் தம்பியும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

ஜூலையில் ஒரு நாள் சாயந்தரம். மழை விட்டிருந்தது. அவள் அவர் காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"லட்சுமி."

அவள் கை அப்படியே நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நானும் யோசிச்சுப் பார்த்தேன். நீயும் மனுஷிதானே. வேலைக்கும் போயி, என்னையும் பார்த்து... முடியாமத்தான் அப்படிச் செஞ்சிருப்ப. நான் அதை மன்னிச்சிட்டேன்."

அவள் தலையணையைச் சரி செய்தாள்.

"அடுத்த தடவை அவன் வந்தா மறிக்காத. என்ன?"

"மறிக்கமாட்டேன்."

"ஏ.சி.க்கு ஒரு துணி போட்டு மூடி வை. தூசி ஏறிறப்போகுது."

மூடி வைத்தாள். பிறகு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அவள் பொதுக்குழாயடிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். சங்கரி வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று மகளிடமும் அவள் சொல்லவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு வழியும் இல்லை.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் சங்கரலிங்கம் இறந்தார்.

கோயம்புத்தூர்க்காரர்கள் மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். மழையில் நனைந்த செருப்போடு ரமேஷ்பாபு உள்ளே ஓடி வந்து அண்ணனின் காதருகே விழுந்தான். மதினி மேல் தப்பில்லை அண்ணே, நான்தான், எனக்குத்தான் இந்த வீடு ஆகவில்லை என்று எல்லார் முன்னாலும் கதறினான். வரிசைக்காரர்கள் கேட்டார்கள், சாயாக்கடைக்காரர் கேட்டார், சேட்டும் கேட்டார். சுப்ரியா சுவரோடு ஒட்டி நின்று கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பழியைச் சுமந்தது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு வந்து செல்வலட்சுமியின் காலடியில் உட்கார்ந்தாள். கண்ணீர் உடம்பின் மேல் படக்கூடாது என்று யாரோ ரமேஷ்பாபுவைத் தூக்கி நகர்த்தினார்கள்.

செல்வலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டு அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆண் வாரிசு இல்லாததால் தம்பியே கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சுப்ரியா அவனைத் தனியே அழைத்து, குழந்தை ஈரத்தில் இருக்கிறது, தேவரா ஹோட்டலில் ரூம் சொல்லியிருக்கிறேன், குளித்துப் படுத்துவிட்டுக் காலையில் வந்துவிடலாம் என்றாள். ஊர்க்காரப் பெரியவர் நல்லசிவம் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்தது.

"அது முடியாதுப்பா. கொள்ளி வச்சவன், நாளைக்குச் சாம்பலைக் கரைச்சுக் காடாத்து முடியிறவரைக்கும் இந்த வீட்டைத் தாண்டி வேற இடத்துல படுக்கக்கூடாது."

ரமேஷ்பாபு போனை எடுத்து ரூமை ரத்து செய்தான்.

இருட்டுவதற்கு முன் செல்வலட்சுமி எழுந்தாள். பெண்கள் தடுத்தும் கேட்கவில்லை. கட்டிலுக்கு வெளுத்த விரிப்பை எடுத்து, மூலை மடிப்பு வைத்து விரித்தாள். ஏ.சி. மேலிருந்த துணியை உருவினாள். இன்றைக்குப் போய் இதையா போடுவது என்று யாரோ முனகினார்கள்.

"போடு, சங்கரி. அவனுக்காகத்தான் மாட்டுனாக."

துக்க வீட்டுக்காக வரிசையில் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டார்கள். ரமேஷ்பாபு அந்தக் கட்டிலில் படுத்தான். ஏ.சி. காலை வரை ஓடியது. ஃபியூஸ் போகவில்லை.